24 கியரிலிருந்து 10 கியருக்கு: ஒரு மலைப்பாதை மிதிவண்டியின் கியர் மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கு ஆராயப்படுவது, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் கொண்ட, 27.5 அங்குலச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட, சில ஆண்டுகள் நன்றாக ஓட்டப்பட்ட ஒரு மலைப்பாதை மிதிவண்டி. முன்னால் பெடலோடு சேர்ந்து சுழலும், 42, 32, 22 பற்கள் கொண்ட மூன்று செயின்ரிங்குகளும், பின்னால் 11 பல்லில் தொடங்கி 32 பல்லில் முடியும் எட்டுப் பற்சக்கரங்கள் கொண்ட கேசட்டும் அதில் இருந்தன. கடைமொழியில் சொன்னால் 24 கியர் வண்டி. அதன் உரிமையாளர் என் நண்பர். மண்பாதைகளிலும் பாறைகள் நிறைந்த இறக்கங்களிலும் ஓட்ட விரும்புபவர். செங்குத்தான ஏற்றங்களில் பாதி வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்ல வேண்டியிருக்கிறது, இறக்கங்களில் செயின் கழன்று விழுகிறது, கியர் மாற்றும்போது நினைத்த பல்லில் செயின் நிற்பதில்லை என்று மூன்று குறைகளைச் சொல்லி, பின்னால் எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கியர் போட்டுவிட்டால் இவை மூன்றும் தீருமா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது சரியாக இராது. மூன்று குறைகளுக்கும் வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால், எதையும் வாங்குவதற்கு முன் வண்டியை முழுமையாகச் சோதிப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

சோதனையில் தெரிந்தவை

முதலில் வெளிப்பட்ட செய்தி, இந்த வண்டியில் 22 பல் செயின்ரிங் நெடுங்காலமாகவே பயன்பாட்டில் இல்லை என்பது. செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் பாகம்தான் டெரெய்லர்; முன்பக்க டெரெய்லருக்குச் செல்லும் கேபிள் அதன் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்பக்க எல்லையை நிர்ணயிக்கும் திருகும் தேவைக்கு மேல் முடுக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, செயின் நடு செயின்ரிங்கிலிருந்து சிறியதற்கு இறங்க முடியாதபடி செய்துவிட்டன. நண்பர் ஏற்றங்களில் 32-க்கு 32 என்ற இணையிலேயே, அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று சுற்றும் கியரிலேயே, ஏறிக்கொண்டிருந்தார். தம்மிடம் இருப்பதில் மிகவும் இலகுவான கியர் அதுதான் என்று அவர் நம்பியிருந்தார்.

இரண்டாவது, பின்பக்க டெரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கர் உள்நோக்கி வளைந்திருந்தது. வண்டி ஒரு முறை வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே இது நேரக்கூடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அதற்கான அளவுகோலைப் பின்சக்கர விளிம்போடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது, செயின் தேய்ந்திருந்தது. புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மி.மீ. இருக்க வேண்டும், இதில் 307 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தது, அதாவது 0.75% தேய்மான எல்லையைக் கடந்துவிட்டது. அந்தச் செயினோடு சேர்ந்து கேசட்டின் பற்களும் தேய்ந்திருந்தன.

ஆக, கியர் நழுவுவதற்கு வளைந்த ஹேங்கரும் தேய்ந்த பற்களும் போதுமான காரணங்கள். ஏற்றத்தில் திணறுவதற்கு உறைந்துபோன ஒரு கேபிள் காரணம். செயின் கழல்வது ஒன்றுதான் இந்தக் கியர் அமைப்பின் இயல்பிலேயே இருந்த குறை. பின்பக்க டெரெய்லரில், அதன் கை எளிதில் ஆடாதபடி இறுக்கிச் செயினைத் தளராமல் வைத்திருக்கும் கிளட்ச் இல்லாததால், கற்கள் மீது வண்டி குதிக்கும்போது செயினின் கீழ்ப்பகுதி தளர்ந்து துள்ளுகிறது. மூன்று செயின்ரிங்குகளுக்கும் பொதுவாக, செயின் எளிதில் ஏறி இறங்குவதற்காகவே குட்டையாக வடிவமைக்கப்பட்ட பற்கள் அந்தத் துள்ளலைத் தாங்கிப் பிடிப்பதில்லை.

ஏற்றத்தின் கணக்கு

கியர்களின் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்து, விகிதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். முன்பக்கப் பற்களைப் பின்பக்கப் பற்களால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் கியர் விகிதம். 32-க்கு 32 என்றால் 1.00, 22-க்கு 32 என்றால் 0.69. இந்த வண்டியின் சக்கரச் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். நிமிடத்துக்கு 60 முறை பெடலைச் சுற்றினால், 32-க்கு 32 கியரில் வேகம் மணிக்கு 7.9 கி.மீ., 22-க்கு 32 கியரில் 5.4 கி.மீ.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ என்றும், ஏற்றம் 12% என்றும், மண்பாதையின் உருள் உராய்வுக் குணகம் 0.02 என்றும் வைத்துக்கொண்டால், எதிர்விசை ஏறத்தாழ 130 நியூட்டன் ஆகிறது. அதை மணிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் வெல்ல 285 வாட் வேண்டும், 5.4 கி.மீ. வேகத்தில் வெல்ல 195 வாட் போதும். முறையாகப் பயிற்சி பெறாத ஒருவரால் 285 வாட்டை நீண்ட ஏற்றம் முழுவதும் தர முடியாது. 195 வாட் கடினமானதுதான், ஆனாலும் உடல் நலமுள்ள பலருக்குச் சிறிது நேரமாவது எட்டக்கூடியது. அதே 195 வாட்டை வைத்துக்கொண்டு 1.00 விகிதத்திலேயே ஏற வேண்டுமானால், பெடல் சுற்று நிமிடத்துக்கு 41-ஆகக் குறைந்துவிடும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் தாங்க வேண்டிய விசை அதற்கேற்பக் கூடும். நண்பர் இறங்கித் தள்ளியதற்கு அவருடைய உடல் வலிமைக் குறைவு காரணமன்று.

இப்போது அவர் விரும்பிய பன்னிரண்டு கியரைப் பார்ப்போம். மிதிவண்டிப் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோவின் 10-51 கேசட்டோடு, அதாவது 10 பல்லில் தொடங்கி 51 பல்லில் முடியும் கேசட்டோடு, முன்னால் 32 பல் செயின்ரிங்கைப் போட்டால் மிகக் குறைந்த விகிதம் 0.63. அதே ஏற்றத்தில், அதே 60 சுற்றில், வேகம் 5 கி.மீ.; தேவைப்படும் திறன் சுமார் 180 வாட். அதாவது 285-இலிருந்து 195-க்கு வருவதற்குத் தேவையானது ஒரு புதிய கேபிளும் ஒரு திருகின் சரிசெய்தலும். 195-இலிருந்து 180-க்கு வருவதற்குத் தேவையானது ஏறக்குறைய முழு கியர் தொகுதியும், பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பும். பிந்தைய 15 வாட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் அதுவே ஒருவரை இறங்காமல் காப்பாற்றக்கூடும். ஆனால் விகிதத்தை எல்லையில்லாமல் குறைத்துக்கொண்டே போவதிலும் பயனில்லை: மணிக்கு நான்கைந்து கி.மீ.-க்குக் கீழே சமநிலையைக் காப்பதே பெரும்பாடாகிவிடும். மிக இலகுவான கியரில் அழுத்தி மிதித்தால் முன்சக்கரம் தூக்கும், இல்லையேல் பின்சக்கரம் மண்ணைப் பறித்துச் சுழலும்.

பன்னிரண்டு ஏன் வந்தது

மலைப்பாதை மிதிவண்டிகளில் பின்பக்க கியர்கள் பெருகியதன் காரணத்தைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. ஸ்ராம் நிறுவனம் 2012-இல் எக்ஸ்எக்ஸ்1 என்ற பெயரில், முன்னால் ஒரே செயின்ரிங்கும் பின்னால் 10-42 என்ற பதினொரு பற்சக்கரங்களும் கொண்ட தொகுதியை வெளியிட்டது. 2016-இல் அது ஈகிள் என்ற பெயரில் பன்னிரண்டாகி 10-50 வரை விரிந்தது. ஷிமானோ 2018-இல் எக்ஸ்டிஆர் வரிசையில் 10-51 கேசட்டைக் கொண்டுவந்து, 2020-இல் அதை டியோர் வரிசை வரை இறக்கியது. இவை அனைத்தின் நோக்கமும் முன்பக்க டெரெய்லரை நீக்குவதே. நீக்கிய பிறகு அது தந்துகொண்டிருந்த வீச்சைப் பின்னாலேயே ஈடுகட்ட வேண்டியிருந்தது. அதற்காகவே பற்சக்கரங்கள் கூடின.

வீச்சை ஒப்பிட்டாலே இது விளங்கும். நண்பரின் பழைய வண்டியில் மிகக் கனமான கியர் 42-க்கு 11, அதாவது 3.82, மிக இலகுவானது 0.69. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் வீச்சு 555%. பன்னிரண்டு கியர் 10-51 கேசட்டின் வீச்சு 510%. கூடுதல் கியர் என்று நினைத்து வாங்கப்படும் தொகுதியின் மொத்த வீச்சு பழையதைவிடச் சற்றுக் குறைவு. 24 என்ற எண்ணும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. 22-க்கு 11-உம் 42-க்கு 21-உம் ஒரே 2.00, 22-க்கு 15, 42-க்கு 28, 32-க்கு 21 மூன்றும் ஏறத்தாழ ஒரே 1.5. இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிவனவற்றைக் கழித்தால், உண்மையில் தனித்து நிற்கும் விகிதங்கள் சுமார் 15 மட்டுமே. அந்தப் பதினைந்தையும் வரிசையாகப் பயன்படுத்த வேண்டுமானால் இரு கைகளாலும் மாறி மாறி கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாறைப் பாதையில் அவ்வாறு யாரும் ஓட்டுவதில்லை.

வண்டி எதற்கு இடம் தருகிறது

கியர் மாற்றத்தில் பணமும் மனமும் வீணாவது பெரும்பாலும் பொருத்தம் பார்க்காமல் வாங்குவதால்தான். எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கர ஹப். குறைந்த விலை வண்டிகள் பலவற்றில் பற்சக்கரங்கள் ஒரே கட்டியாக ஹப்பின் மரையில் திருகப்பட்டிருக்கும்; அது ஃப்ரீவீல். அந்த ஹப்பில் பத்து, பன்னிரண்டு கியர் கேசட்டுகளைப் போட முடியாது. பற்சக்கரங்கள் நீளவாக்கில் வரிகள் கொண்ட உருளையில் செருகப்பட்டு, மேலே ஒரு பூட்டு வளையத்தால் இறுக்கப்பட்டிருந்தால் அது ஃப்ரீஹப். நண்பரின் வண்டியில் இருந்தது ஷிமானோவின் பழைய ஹெச்ஜி வகை ஃப்ரீஹப். ஹப் பொருந்தும் சட்டக முனைகளுக்கு இடையிலான அகலம் 135 மி.மீ. எட்டு, ஒன்பது, பத்து கியர் கேசட்டுகளும், 11 பல்லில் தொடங்கும் மலைப்பாதைக்கான பதினொரு கியர் கேசட்டுகளும் இதில் அமரும். ஆனால் 10 பல்லில் தொடங்குபவை அமரா. ஷிமானோவின் 10-51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்ளைன் வகையும், ஸ்ராமின் 10-50, 10-52 கேசட்டுகளுக்கு எக்ஸ்டி வகையும் வேண்டும். அவற்றை ஏற்கும் ஹப் இல்லையென்றால் சக்கரத்தையே மாற்ற நேரிடும். பன்னிரண்டு கியரில் 11-50 என்ற கேசட் ஸ்ராமின் என்எக்ஸ் வரிசையில் உண்டு. அது ஹெச்ஜி ஃப்ரீஹப்பிலேயே பொருந்தும் என்பதால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது, கைப்பிடியில் இருந்து கியரை மாற்றும் நெம்புகோலான ஷிஃப்டருக்கும் டெரெய்லருக்கும் உள்ள உறவு. ஷிஃப்டர் ஒரு சொடுக்கில் எவ்வளவு கேபிளை இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டெரெய்லர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஷிமானோவின் எட்டு, ஒன்பது கியர் டெரெய்லர்கள் தங்களுக்குள் மாறக்கூடியவை. பத்து கியரிலிருந்து மலைப்பாதை வரிசையின் இழுப்பு விகிதம் மாறிவிட்டதால், பழைய டெரெய்லரை வைத்துக்கொண்டு பத்து கியர் ஷிஃப்டரை மட்டும் வாங்குவது வீண். ஷிஃப்டர், டெரெய்லர், கேசட், செயின் நான்கையும் ஒரு குடும்பத்திலிருந்து எடுப்பதே நிம்மதி.

பற்சக்கரங்களின் நெருக்கமும் கருதத்தக்கது. எட்டு கியர் கேசட்டில் ஒரு பற்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 4.8 மி.மீ.; பத்து கியரில் 3.95 மி.மீ.; பன்னிரண்டில் அதைவிடக் குறைவு. இடைவெளி சுருங்கச் சுருங்க, எட்டு கியரில் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஹேங்கர் வளைவு பன்னிரண்டில் பெருந்தொல்லையாகிவிடும். நண்பர் இருந்தபடியே பன்னிரண்டு கியரைப் பூட்டியிருந்தால், மூன்றாவது குறை தீர்வதற்கு மாறாக முற்றியிருக்கும்.

பெடல்களையும் செயின்ரிங்குகளையும் தாங்கும் கிராங்கைப் பொறுத்தவரை நண்பருக்கு நல்லூழ் இருந்தது. மலிவான கிராங்குகளில் செயின்ரிங்குகள் ஆணியடித்து நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும். இதில் பெரிய இரண்டும் 104 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்டுகளாலும், சிறியது அதைவிடச் சிறிய வட்டத்திலும் பிணைக்கப்பட்டிருந்தன. எனவே மூன்றையும் கழற்றிவிட்டு, செயினைக் கழலாமல் பிடித்துக்கொள்ள அகலப் பல்லும் ஒல்லிப் பல்லும் மாறி மாறி வரும் ஒற்றை செயின்ரிங்கை அந்த இடத்தில் பூட்ட முடியும்.

பழையதை வைத்தே ஒரு சோதனை

செயினும் கேசட்டும் எப்படியும் மாற்றப்பட வேண்டியவை. ஆயினும் தேய்ந்த செயினும் தேய்ந்த கேசட்டும் ஒன்றுக்கொன்று பழகியிருப்பதால், அவற்றை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். புதிய செயினைத் தேய்ந்த கேசட்டில் போட்டால்தான் செயின் பற்களின் மேல் ஏறி வழுக்கும். ஆகவே ஹேங்கரை நேராக்கி, முன் பின் கேபிள்களை உறையோடு மாற்றி, முன்பக்க டெரெய்லரைச் சரிசெய்து, 22 பல் செயின்ரிங்கை மீண்டும் உயிர்ப்பித்து, எந்தெந்த கியர்களை எங்கெங்கே பயன்படுத்துகிறார் என்று கவனித்துவரும்படி நண்பரைக் கேட்டுக்கொண்டேன். எந்த மேம்பாட்டுக்கும் முன்பாக இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனெனில் பழுதான ஒன்றோடு ஒப்பிட்டால் புதிது எதுவும் சிறப்பாகவே தெரியும்.

விளைவு தெளிவாக இருந்தது. முன்பு தள்ளிச் சென்ற ஏற்றங்களில் பெரும்பாலானவற்றை அவர் ஓட்டியே ஏறினார். கியர் நழுவுவது மிகவும் குறைந்தது. 42 பல் செயின்ரிங்கை அவர் தார்ச்சாலை இறக்கங்களில் மட்டுமே தொட்டார். ஆனால் கரடுமுரடான இறக்கங்களில் செயின் கழல்வது தொடர்ந்தது. ஏற்றம் சட்டென்று செங்குத்தாகும் இடங்களில் முன்பக்க கியரை இறக்கும்போது செயின் ஒரு கணம் பளுவின்றித் தவித்து, மிதியின் ஓட்டம் அறுபட்டது. அதுவரை அவர் கேட்டது அதிக கியர். இதற்குப் பிறகு அவர் கேட்டது, ஒரே நெம்புகோலில் எல்லா கியரும், கழலாத செயினும்.

முடிவும் அதன் காரணமும்

செயினும் கேசட்டும் மாற்றப்பட வேண்டிய நிலையில் இருந்ததால், மேம்பாட்டின் உண்மையான கூடுதல் செலவு ஷிஃப்டர், டெரெய்லர், செயின்ரிங் ஆகியவற்றுக்கு மட்டுமே. நல்ல நிலையில் உள்ள பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு மேம்படுத்துவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

நாங்கள் தேர்ந்தது, ஷிமானோ டியோர் வரிசையின் பத்து கியர் தொகுதி: 11-46 கேசட், கிளட்ச் உள்ள பின்பக்க டெரெய்லர், முன்னால் 30 பல். இந்தக் கேசட்டின் பற்களை வரிசையாகச் சொன்னால் 11, 13, 15, 18, 21, 24, 28, 32, 37, 46. முதல் எட்டும் பழைய எட்டு கியர் கேசட்டில் இருந்த அதே எட்டு. அவற்றுக்கு மேல் 37-உம் 46-உம் சேர்ந்திருக்கின்றன. 22 பல் செயின்ரிங் செய்துவந்த வேலையை இவ்விரண்டும் ஏற்றுக்கொள்கின்றன. நண்பருக்குப் பழகிய படிகள் மாறாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

செயின்ரிங்கில் 30-ஐத் தேர்ந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 32-ஐப் போட்டிருந்தால் மிகக் குறைந்த விகிதம் 0.70 ஆகியிருக்கும், அது பழைய 0.69-ஐவிடச் சற்றே கனமானது. ஏற்றத்துக்காகச் செலவு செய்து, ஏற்றத்தில் ஒன்றும் பெறாத நிலை அது. 30 பல்லால் விகிதம் 0.65-க்கு இறங்குகிறது, பழையதைவிட 5% இலகு. 104 மி.மீ. வட்டத்தில் இதற்குக் கீழே போக இடமில்லை.

11-50 பன்னிரண்டு கியரை ஏன் விட்டோம் என்றால், அதே 30 பல்லோடு அது 0.60 வரை தந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் இந்த வண்டியின் சட்டகம் பழையது, ஹேங்கர் ஏற்கெனவே ஒரு முறை வளைந்து நேராக்கப்பட்டது. மெல்லிய செயினையும் நெருக்கமான பற்சக்கரங்களையும் அதன்மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நண்பர் ஓட்டும் பாதைகளில் 0.65 போதும் என்பது பழைய 22 பல்லில் ஓட்டிய அனுபவத்திலேயே தெரிந்திருந்தது. இன்னும் செங்குத்தான பாதைகளில் ஓட்டுபவராக இருந்தால் நான் வேறு முடிவைச் சொல்லியிருப்பேன்.

பூட்டும் வேலையில் சிறப்பாகச் சொல்ல வேண்டியது சிலவே. செயின்ரிங்கை நடு இடத்தில், அதாவது முன்பு 32 பல் இருந்த இடத்தில் பொருத்தினோம். வெளிப்புறத்தில் பொருத்தினால் 46 பல்லுக்குச் செல்லும் செயின் மிகவும் கோணலாகிவிடும். செயினின் நீளத்தைப் பழைய செயினைப் பார்த்து வெட்டாமல், 46 பல்லைச் சுற்றி வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டெரெய்லரின் மேல் சிறுசக்கரத்துக்கும் 46 பல்லுக்கும் இடையிலான தூரத்தை அதற்குரிய திருகால் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். பெரிய கேசட்டுகள் சரியாக மாறாமல் இருப்பதற்கு இந்த ஒரு திருகு கவனிக்கப்படாததே பல நேரங்களில் காரணம்.

மாற்றத்துக்குப் பிறகு

செயின் கழல்வது நின்றுவிட்டது. இந்த மாற்றத்தின் மிகப் பெரிய பயன் அதுவே. கைப்பிடியின் இடப்பக்கம் காலியானது. இருக்கையை ஓட்டத்திலேயே தாழ்த்தும் நெம்புகோலுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. ஏற்றங்களில், சரிசெய்யப்பட்ட பழைய வண்டியோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் சிறியதுதான் என்று நண்பரே சொல்கிறார். மிதியின் ஓட்டம் அறுபடாததையே அவர் பெரிதாகக் கருதுகிறார்.

இழப்புகளும் உண்டு. மிகக் கனமான கியர் 3.82-இலிருந்து 2.73-க்குக் குறைந்துவிட்டது, நிமிடத்துக்கு 90 சுற்றில் முன்பு மணிக்கு 45 கி.மீ. வரை மிதிக்க முடிந்தது, இப்போது 32 கி.மீ.-க்கு மேல் கால் வெறுமனே சுழலும். 37-இலிருந்து 46-க்கு மாறும்போது 24% தாவல். பழகும் வரை அது காலுக்குப் படியொன்று தவறியதுபோல் இருக்கும். செயின் 46 பல்லில் இருக்கும்போது பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் சில வேளைகளில் செயின் அடுத்த பல்லுக்கு இறங்கிவிடுகிறது. நுணுக்கமாக ஏற வேண்டிய கடினமான ஏற்றங்களில் பெடலைப் பாதி சுற்று பின்னிழுத்துக் காலை மறுபடி ஊன்றும் பழக்கமுள்ளவர்களுக்கு இது எரிச்சலூட்டும்.

பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓட்டி, எப்போதாவது மண்பாதைக்குச் செல்லும் ஒருவர் இதே வண்டியோடு வந்திருந்தால், மூன்று செயின்ரிங்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, செயினையும் கேசட்டையும் கேபிள்களையும் மட்டும் புதுப்பித்து, தேவையானால் 11-34 கேசட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன். 22-க்கு 34 என்பது 0.65, நாங்கள் இத்தனை பாகங்களை மாற்றிப் பெற்ற அதே விகிதம், அதுவும் மேல்பக்க வேகத்தை இழக்காமல். ஃப்ரீவீல் ஹப் கொண்ட வண்டிக்காரருக்கோ, சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருப்பதால், அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்குச் சேர்த்துவைப்பதே மேல் என்பேன். நண்பரின் ஹப் தேய்ந்து சக்கரம் மாற்ற வேண்டிய நாள் வரும்போது பன்னிரண்டு கியரை மீண்டும் ஆலோசிக்கலாம் என்று இருவரும் வைத்திருக்கிறோம். அதுவரை செயினின் தேய்மானத்தை அவ்வப்போது அளந்து, 0.5% தாண்டியதும் மாற்றி, இந்தக் கேசட்டை நீண்ட நாள் காப்பாற்றுவதுதான் அவருடைய இப்போதைய வேலை.